ஆய்வுக்காக வாசலில் வந்து நிற்பவர்களிடம் நாம் கேட்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய இரண்டு பெண்கள், வயது 25 கூட இருக்காது, உச்சி வெயிலில் வீடு வீடாக நின்று பேசிக்கொண்டு வந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா கிரில் கதவைத் திறக்காமலேயே "எங்களுக்கு ஒண்ணும் வேணாம்மா, போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். அதே அக்காதான் போன வருஷம் ஒரு ஆள் ஃபைலும் கையுமாக வந்து "சர்வே எடுக்கிறோம், உதவித்தொகை வரும்" என்றதும் ஆதார் ஜெராக்ஸ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், செல் நம்பர் எல்லாவற்றையும் கொடுத்து, போனுக்கு வந்த ஓடிபியையும் படித்துக் காட்டி, அப்புறம் இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருந்தவர். பயப்பட வேண்டிய ஆளுக்கு நாற்காலி போட்டார், பயப்பட வேண்டாதவர்களை வாசலோடு அனுப்பினார். அவர் மேல் தப்பே இல்லை. ஆய்வுக்கு வருபவர்கள் எப்படி இருப்பார்கள், என்ன கேட்பார்கள், எதைக் கேட்கவே கூடாது, நாம் என்ன கேட்கலாம் என்று அவருக்கு இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

நான் 16 வருஷம் அந்தப் பெண்கள் செய்கிற வேலையைச் செய்தவள். கான்ட்ராக்ட் வேலைதான். குடும்ப நலம், வீட்டுச் செலவு, வேலைவாய்ப்பு, பள்ளிக்கூடம் என்று ஒவ்வொரு ஆய்வுக்கும் ஒவ்வொரு நிறுவனம் எடுக்கும், நாங்கள் விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை என்று ஊர் ஊராகப் போவோம். முதலில் காகிதப் படிவம், பிறகு டேப்லெட். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாரும் முதலில் கேட்பது, "ஊர்ல இத்தனை வீடு இருக்கு, எங்க வீட்டை யார் காட்டிக் கொடுத்தது?" என்றுதான். யாரும் காட்டிக் கொடுக்கவில்லை. பெரிய ஆய்வுகளில் முதலில் ஊரையோ வார்டையோ கணக்குப்படி எடுப்பார்கள். பிறகு ஒரு குழு தெருத் தெருவாக நடந்து, வரைபடம் போட்டு, எல்லா வீட்டையும் பட்டியல் எழுதும். அந்தப் பட்டியலிலிருந்து இத்தனைக்கு ஒன்று என்று சம இடைவெளியில் வீடுகளை எடுப்பார்கள். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று 2019 முதல் 2021 வரை நடந்ததே, அதில் ஒரு பகுதிக்கு 22 வீடு, அப்படியே நாடு முழுக்கச் சேர்த்துச் சுமார் 6 லட்சத்து 37 ஆயிரம் குடும்பங்கள். உங்கள் வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டு முடித்துவிட முடியாது, மாற்று வீடு எடுக்கக் கூடாது என்பது கறாரான விதி. பகலில் திறந்திருக்கிற வீடுகளாகவே பார்த்து எழுதினால் காலையில் கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற குடும்பங்கள் கணக்கிலேயே வராமல் போய்விடுமே. அதனால்தான் ஒரே பெண் மூன்று தடவை உங்கள் வாசலுக்கு வருகிறாள்.

சில ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருவதே திட்டம். 2022-23இல் நடந்த வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வில் சாப்பாட்டுப் பொருள் ஒரு தடவை, மற்ற செலவுகள் ஒரு தடவை, டிவி, பீரோ மாதிரி நாள்பட நிற்கும் சாமான்கள் ஒரு தடவை என்று ஒரே வீட்டுக்கு மூன்று முறை போனார்கள். உழைப்பாளர் நிலை குறித்த ஆய்வில் 2025 ஜனவரியிலிருந்து தேர்வான வீட்டுக்கு அடுத்தடுத்து நான்கு மாதம் வருகிறார்கள். இது தெரியாமல் "போன மாசம்தானே எல்லாத்தையும் சொன்னேன், என்னைச் சந்தேகப்படுறியா?" என்று சண்டை போட்ட பெரியவர்கள் உண்டு. எத்தனை தடவை வருவீர்கள் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

ஆய்வுக்கு வருபவர்கள் கேள்வியை ஆரம்பிப்பதற்கு முன்னால் சொல்லியே ஆக வேண்டியவை சில இருக்கின்றன. யார் நடத்துகிறார்கள், எதற்காக, எவ்வளவு நேரம் ஆகும், என்ன மாதிரி கேள்விகள் வரும், சொன்னது எங்கே போகும், பேர் வெளியே வருமா வராதா, ஏதாவது குறை என்றால் யாரைக் கூப்பிடுவது. முக்கியமாக, விருப்பம் இல்லை என்றால் வேண்டாம் எனலாம், பாதியில் நிறுத்தலாம், ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிடச் சொல்லலாம், இதனால் ரேஷனோ மருத்துவமனைச் சிகிச்சையோ வேறு எந்தச் சலுகையோ போகாது என்பதையும் அவர்கள் வாயால் சொல்ல வேண்டும். உடல்நலம் சம்பந்தப்பட்ட ஆய்வுகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளில் இதெல்லாம் இருக்கிறது. தகவல் தாள் நமக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ஒப்புதல் வாங்கும்போது ஆய்வுக் குழுவைச் சேராத, படிக்கத் தெரிந்த ஒருவர் சாட்சியாகக் கூட இருக்க வேண்டும். ஊர்ப் பெரியவர் சம்மதித்துவிட்டார் என்பதற்காக ஊரில் உள்ள ஒவ்வொருவரும் சம்மதித்த மாதிரி ஆகிவிடாது. ஊராட்சித் தலைவர் சொல்லிவிட்டார், நூறு நாள் வேலைப் பொறுப்பாளர் சொல்லிவிட்டார் என்று வரிசையில் வந்து உட்கார்ந்த பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்களில் எத்தனை பேர் தானாக வந்திருப்பார்கள் என்று இப்போது நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் என்றால் பெற்றவர்களின் ஒப்புதலும் வேண்டும், விவரம் தெரிந்த பிள்ளையிடமும் கேட்க வேண்டும்.

சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேனே, நான் எல்லா நாளும் சொன்னேனா? இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று டார்கெட், சாயங்காலம் ஆறு மணிக்குக் கடைசி பஸ். ஒப்புதல் பகுதியைக் கந்த சஷ்டி கவசம் மாதிரி கடகடவென்று ஒப்பித்துவிட்டு "சரிதானேம்மா?" என்பேன், அவர்களும் "சரிம்மா" என்பார்கள், நான் அடுத்ததுக்குப் போய்விடுவேன். ஒரு ஊரில் ஒரு பாட்டி, அன்றைக்குக் களை எடுக்கப் போகாமல் எனக்காக வீட்டில் இருந்தவர், ஒன்றேகால் மணி நேரம் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, நான் பையை மாட்டும்போது "எப்பம்மா பணம் வரும்?" என்று கேட்டார். முதியோர் உதவித்தொகைக்கு எழுத வந்திருக்கிறேன் என்று நினைத்துத்தான் அத்தனை நேரம் உட்கார்ந்திருக்கிறார். நான் வாசித்ததில் ஒரு வரிகூட அவருக்குப் போய்ச் சேரவில்லை. ஒரு நாள் கூலி அவருக்குப் போச்சு. அவர் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன், எல்லாம் சொன்ன பிறகு "நான் எதுக்கு வந்திருக்கேன்னு நீங்க சொல்லுங்க பார்ப்போம்" என்று அவர்களையே சொல்லச் சொல்வேன். இரண்டு நிமிஷம்தான் கூட ஆகும். சூப்பர்வைசர் முறைப்பார், பரவாயில்லை.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அரசு ஆய்வுகளில் பதில் சொன்னதற்குக் காசு கிடையாது. பல்கலைக்கழக ஆய்வுகளில் போக்குவரத்துச் செலவோ, வேலை கெட்டதற்கு ஒரு தொகையோ கொடுப்பது உண்டு, அதை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். ஆனால் ஆய்வில் கலந்துகொண்டால் வீடு வரும், கடன் தள்ளுபடியாகும், பட்டியலில் பேர் சேரும் என்று யார் சொன்னாலும் எழுந்துவிடுங்கள்.

கூடவே இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று ஆய்வில் கேட்பார்கள், கணக்கு எண்ணைக் கேட்க மாட்டார்கள். என்ன ரேஷன் கார்டு என்று கேட்கலாம். உங்கள் செல் நம்பரையும் கேட்கலாம், வேலை ஒழுங்காக நடந்ததா என்று மேலே இருப்பவர்கள் போன் செய்து சரிபார்ப்பதற்கு. ஓடிபி எந்த ஆய்வுக்கும் தேவைப்படாது. ஏடிஎம் அட்டையின் எண்ணும் அப்படித்தான், அதைக் கேட்டுக்கொண்டு ஒரு ஆய்வாளரும் வர மாட்டார். வந்தவர் யார் என்று சந்தேகம் இருந்தால் அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள், அனுமதிக் கடிதம் கேளுங்கள், நாளைக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டு அதில் உள்ள எண்ணுக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். நாங்கள் அந்தக் கடிதத்தின் நகலைப் பையில் வைத்துக்கொண்டுதான் சுற்றுவோம். அதைக் கேட்டதற்காகக் கோபப்படுகிற ஆள் என்றால், அந்தக் கோபத்திலேயே விஷயம் தெரிந்துவிடும்.

இனி நம் பக்கம். வருமானத்தைக் குறைத்துச் சொல்வது ரொம்ப நாளாக இருக்கிற பழக்கம்தான், ஆனால் 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை ஆரம்பித்த பிறகு அது ரொம்பவே அதிகமாகிவிட்டது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், வருஷத்துக்கு மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள் என்றெல்லாம் தகுதி வைத்திருக்கிறார்கள் இல்லையா, அதனால் பேனா பிடித்து யார் வந்தாலும் மாதம் வருகிற ஆயிரம் ரூபாயைப் பிடுங்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று ஒரு பயம். ஃப்ரிட்ஜ் மேல் கை வைத்துக்கொண்டே "ஃப்ரிட்ஜ் இல்லைம்மா" என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் எனக்கு நன்றாகவே புரிகிறது, ஆயிரம் ரூபாய் ஒரு வீட்டுக்குச் சின்னத் தொகை இல்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், பொய் சொல்ல வேண்டிய அவசியமே உங்களுக்கு இல்லை. "இதுக்குப் பதில் சொல்ல விருப்பமில்லை" என்று சொல்லிவிட்டால் அதை அப்படியே பதிந்துகொள்ள படிவத்தில் வழி இருக்கிறது. ஒரு இடம் காலியாக இருந்தால் காலி என்று தெரியும், பொய் எழுதப்பட்டால் அது உண்மை மாதிரியே கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு எங்கே பள்ளிக்கூடம் வேண்டும், யாருக்கு வேலை இல்லை என்பதெல்லாம் அதை வைத்துத்தான் முடிவாகும்.

இன்னொன்று தனிமை. இதைப் பற்றி நான் எவ்வளவு எழுதினாலும் போதாது. பெண்களிடம் கேட்கிற கேள்விகளில் கருத்தடை, கருக்கலைப்பு, புருஷன் அடித்தது உண்டா என்பது வரைக்கும் வரும். வீட்டுக்குள் நடக்கும் வன்முறை பற்றிய பகுதியை ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் கேட்க வேண்டும், அதுவும் தனியாக இருந்தால் மட்டுமே, தனிமை கிடைக்கவில்லை என்றால் அந்தப் பகுதியைக் கேட்காமலேயே விட்டுவிட வேண்டும் என்பது குடும்ப நல ஆய்வின் விதி. நம் வீடுகளில் தனிமைக்கு எங்கே போவது? ஒரே கூடம், நடுவில் கட்டில், கட்டிலில் மாமியார். ஒருவர் மாமியாரிடம் தண்ணீர் கேட்டுப் பேச்சுக் கொடுத்துப் பின்கட்டுக்கு அழைத்துப் போவோம், இன்னொருவர் சட்டென்று இந்தப் பகுதிக்குப் போவோம். காலடிச் சத்தம் கேட்டால் அதே குரலில் "அரிசி மாசத்துக்கு எத்தனை கிலோ?" என்று மாறிவிடுவோம். அப்படிக் குரலைத் தாழ்த்திச் சொன்ன பதில்களைச் சேர்த்துத்தான், ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவனிடம் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள் என்ற கணக்கு வந்தது. ஆண்களிடம் ஒரு வேண்டுகோள்: வந்தவர்கள் "அக்காகிட்ட கொஞ்சம் தனியாப் பேசணும்" என்றால் எழுந்து வெளியே போங்கள். பெண்களுக்கு: ஆய்வுக்கு வந்த பெண்ணால் உங்கள் வீட்டுப் பிரச்சினையைத் தீர்க்க முடியாது, அது அவளுக்கும் ராத்திரி தூக்கம் வராமல் பண்ணுகிற விஷயம். 181 என்று ஒரு உதவி எண் இருக்கிறது, அதை அவளிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

ரத்தம் எடுப்பதைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேசுவார்கள். குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் விரல் நுனியில் குத்தி ஒரு சில சொட்டு எடுத்தார்கள், அவ்வளவுதான். அதற்குத் தனியாக ஒப்புதல் கேட்க வேண்டும். கேள்விக்குச் சரி என்று சொன்னவர் ரத்தத்துக்கு வேண்டாம் எனலாம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று அங்கேயே சொன்னார்கள், ரொம்பக் குறைவாக இருந்தால் மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். எந்த ஆய்விலாவது அப்படிச் சொன்னால் அதை மட்டும் தட்டிக் கழிக்காதீர்கள். நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் பாதிக்கு மேல், 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று அந்தச் சுற்றில் தெரிந்தது. தலைசுற்றலை வெயில் என்றும் வேலை அசதி என்றும் நினைத்துக்கொண்டிருந்த பெண்கள் அந்த ஒரு சொட்டில் விஷயம் தெரிந்துகொண்டதை நேரில் பார்த்திருக்கிறேன்.

சர்வே இல்லாமல், பட்டப்படிப்புக்காக, முனைவர் பட்டத்துக்காக வருகிற மாணவர்கள் வேறு மாதிரி. அவர்கள் உட்கார்ந்து உங்கள் கதையைக் கேட்பார்கள், இரண்டு மணி நேரம் பேசுவார்கள், மறுபடியும் வருவார்கள், சில பேர் ஊரிலேயே தங்கிவிடுவார்கள். பேச்சைப் பதிவு செய்வதாக இருந்தால் முதலிலேயே கேட்க வேண்டும், போட்டோ எடுப்பதற்கும் தனியாகக் கேட்க வேண்டும். பேரை மாற்றிவிடுவோம் என்பார்கள். அது போதுமா என்று யோசியுங்கள். "முன்பு ஊராட்சித் தலைவியாக இருந்த, இப்போது தையல் கடை வைத்திருக்கும், கணவரை இழந்த பெண்" என்று எழுதினால் பேர் எதற்கு, ஊரே கண்டுபிடித்துவிடும். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு ஊரைப் பற்றி எழுதிய சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தெய் அந்த ஊரையே ஸ்ரீபுரம் என்று மாற்றித்தான் எழுதினார், அதே மாவட்டத்தில் 1950களில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் காத்லீன் கஃப் தான் தங்கிய ஊரைக் கும்பாப்பேட்டை என்று பேர் மாற்றி எழுதினார். அந்த அளவு ஜாக்கிரதையை நாமும் கேட்டு வாங்கலாம். "என்னைப் பத்தி எழுதுறதை எனக்கு வாசிச்சுக் காட்டு தம்பி" என்று சொன்னால் நல்ல மாணவர் சந்தோஷமாகச் செய்வார். பத்துப் பேரை வட்டமாக உட்கார வைத்துப் பேச வைக்கிற குழுக் கூட்டம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஆய்வாளர் ரகசியம் காப்பார், கூட உட்கார்ந்த ஒன்பது பேருக்கும் சேர்த்து அவரால் உறுதி கொடுக்க முடியாது. நாளைக்குக் குழாயடியில் பேசப்பட்டால் பரவாயில்லை என்கிற விஷயத்தை மட்டும் அங்கே பேசுங்கள்.

இதில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி நடப்பது, பதில் சொல்வது நம் கடமை, மறுக்க முடியாது. ஆனால் நாம் சொன்னதை யாரும் வாங்கிப் பார்க்க முடியாது, கோர்ட்டில் சாட்சியமாகக் காட்டவும் முடியாது என்று அதே சட்டம் சொல்கிறது. அதில் ஒரு பிரிவு எனக்கு ரொம்பப் பிடிக்கும்: வழக்கப்படி கணவர் பேரைச் சொல்லாத பெண்ணை அந்தப் பேரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. எங்கள் பாட்டி காலத்துப் பெண்களை நினைத்தே எழுதியது போல இருக்கும். 2011க்குப் பிறகு இப்போதுதான் 2027 கணக்கெடுப்பு, எல்லாரிடமும் சாதியையும் கேட்கப் போவதாக அறிவித்திருக்கிறார்கள். எது கட்டாயம், எது விருப்பம் என்று தெரியாமல் இருந்தால் கட்டாயமானதற்குக் கதவை மூடுவார்கள், விருப்பமானதற்குப் பயந்து பதில் சொல்வார்கள்.

கடைசியாக எனக்கு ஆறாத ஒரு குறை. எங்கள் மாவட்டத்தில் இருவேல்பட்டு என்று ஒரு ஊர் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி விவரம் எழுதச் சொன்னார், அதில் இந்த ஊரும் ஒன்று. அப்புறம் 1930களில், 1980களின் தொடக்கத்தில், 2008இல் என்று வெவ்வேறு ஆய்வாளர்கள் அதே ஊருக்குத் திரும்பிப் போனார்கள். யாருக்கு எவ்வளவு நிலம் இருந்தது, யார் கூலிக்குப் போனார்கள், அது எப்படி மாறியது என்று ஒரு நூற்றாண்டுக் கதை எழுதப்பட்டிருக்கிறது. எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் பொதுவாக நம் ஊர்களைப் பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. 16 வருஷத்தில் ஒரு ஊருக்குக்கூட நான் திரும்பிப் போய் "நீங்க சொன்னதிலேருந்து இதுதான் தெரிஞ்சுது" என்று சொன்னதில்லை, என்னை யாரும் அனுப்பவும் இல்லை. ஆய்வு நடத்துகிறவர்களுக்குச் சொல்கிறேன், தமிழில் இரண்டு பக்கம், ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள், கிராம சபையில் ஒருவர் வாசிக்கட்டும். ஆய்வு முடிவுகளை நீங்கள் செய்தியாகப் போடும்போதும், எந்த ஊர்களில் கேட்டார்கள், அந்த ஊர்க்காரர்களுக்குச் சொன்னார்களா என்று ஒரு வரி விசாரித்துப் போடுங்கள்.

அந்த இரண்டு பெண்கள் நேற்று சாயங்காலம் மூன்றாவது முறையாக வந்தார்கள். இதற்குள் நான் அக்காவிடம் இதையெல்லாம் உட்கார்ந்து பேசியிருந்தேன். அக்கா கதவைத் திறந்து, அட்டையை வாங்கிப் பார்த்து, எவ்வளவு நேரம் ஆகும், எத்தனை தடவை வருவீங்க என்று கேட்டு, அவர்கள் கொடுத்த தகவல் தாளை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். நான் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். நடுவில் ஒரு கேள்விக்கு "இது வேணாம்மா" என்றாராம், அந்தப் பெண்ணும் "சரிங்கக்கா" என்று அடுத்ததுக்குப் போய்விட்டாளாம். ஐம்பது நிமிஷம் ஆனது. மோர் கொடுத்து அனுப்பும்போது, "இதோட முடிவை நாங்க எங்க பார்க்கறது?" என்று அக்கா கேட்டிருக்கிறார். அந்தப் பெண்களுக்குத் தெரியவில்லை, சூப்பர்வைசர் எண்ணை எழுதிக் கொடுத்தார்கள். இன்று காலை நான் கூப்பிட்டேன். அறிக்கை வர ஒன்றரை வருஷம் ஆகும், ஆங்கிலத்தில்தான் வரும் என்றார். தமிழில் ஒரு சுருக்கம் கிடைக்குமா என்று கேட்டேன். இதுவரை யாரும் கேட்டதில்லையே, மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். அந்த எண் எங்கள் வீட்டுக் காலண்டரில் எழுதியிருக்கிறது, அடுத்த மாதம் மறுபடி கூப்பிடுவேன்.

இப்படிக்கு,
முன்னாள் கள ஆய்வுப் பணியாளர் ஒருவர்,
விழுப்புரம்.